கைகட்டி நின்ற பதினைந்து

எஸ்.பி. ரோட்டில் என் கிடங்கு மூன்றாவது மாடி.
ஞாயிறு மதியம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இரண்டு பெட்டிகளை எதிரெதிரே வைத்தோம்.

ஒன்று என் கட்சி:
போன வாரம் வந்திறங்கிய பதினாறு கோர்,
குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய்,
கல்யாண மண்டபத்து விளக்கு.
உள்ளே ஓடுவது இருபது வருடத்துக்கு முந்தைய செஸ் நிரல்,
மார்க்கரில் பெயர் எழுதிய சி.டி.யிலிருந்து எடுத்தது.

மற்றது தாட்சாயணி கட்சி:
பேங்க் ஏலத்தில் கிலோ கணக்கில் வந்த பென்டியம்.
மஞ்சளாகிப்போன முகம்.
விசிறி சுற்றினால் யாரோ கடலை வறுக்கிற சத்தம்.
உள்ளே அவளே எழுதிய நிரல்.
செவ்வாய்க்கிழமைதான் முடித்தாளாம்.

பகலில் காப்பீட்டுக் கம்பெனியில் டெஸ்டிங்,
இரவில் குதிரையும் மந்திரியும்.
"வேகம் விற்கிறவர் நீங்கள், நவீத் பாய்,
அதனால் வேகத்தை நம்புகிறீர்கள்."
நான் ஆம்பூர்க்காரன். தோலைத் தடவியே தரம் சொல்கிற ஊர்.
இதில் தடவிப் பார்க்க
இரும்பைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இருபது ஆட்டம்.
தோற்றவர் அந்தப் பென்டியத்தைச் சுமந்து இறக்க வேண்டும்.

என்னுடையது நொடிக்கு முப்பது லட்சம் நிலைகளைப் பார்த்தது.
அவளுடையது இருபதாயிரம்,
அதுவும் மூச்சு வாங்கி.
முதல் இரண்டை நான் வென்றேன். டீ சொன்னேன்.

ஐந்தாவது ஆட்டத்தில்தான் கவனித்தேன்:
பதினாறில் ஒன்றுதான் உழைக்கிறது.
பழைய நிரலுக்கு மற்றவர்களைக் கூப்பிடத் தெரியவில்லை.
அதை எழுதிய நாளில் வீட்டுக்கு ஒரு தலைதான்.
பதினைந்து பேர் பந்தியோரம் கைகட்டி நிற்கிறார்கள்,
இலை போடு என்று சொல்ல ஆளில்லாமல்.

"இது அநியாயம்" என்றேன்.
"இதுதான் வித்தியாசம்" என்றாள்.

ஏழாவதில் அந்தக் கடலை வறுக்கும் கிழம்
ஆறு நிமிடம் யோசித்து
குதிரையைத் தூக்கிக் கொடுத்தது, சும்மா.
என் திரையில் எனக்கு மூன்று சிப்பாய் லாபம் என்று காட்டியது.
அடுத்த நகர்த்தலிலும் லாபம்.
பதினோரு நகர்த்தல் வரை லாபம், லாபம், லாபம்.
பன்னிரண்டாவதில் எண்
கிணற்றில் விழுந்த வாளியாகக் கீழே போனது.

அகல உழுவதிலும் ஆழ உழு என்பார்கள்.
என்னுடையது ஒவ்வொரு பைத்தியக்கார நகர்த்தலையும்
மரியாதையாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.
அவளுடையது
பார்க்க வேண்டாதவற்றின் பக்கம் திரும்பவே இல்லை.

பதிமூன்றில் கரண்ட் போனது. யுபிஎஸ் அலறியது.
பென்டியம் தாங்கிவிட்டது.
என் மண்டப விளக்கு பசி தாங்காமல் அணைந்தது.
அந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை,
அவளாகவே வேண்டாமென்றாள்.

பன்னிரண்டரை, ஆறரை.

"அந்தக் குதிரையைக் கொடுக்கலாம் என்று
அதற்கு யார் சொன்னது?"
"ஒரு கோப்பு இருக்கிறது. எண்கள். நான் எழுதியதில்லை,
தனக்குத்தானே கோடி ஆட்டம் ஆடிக் கற்றுக்கொண்டது."
"எங்கே ஆடியது? இந்தக் கிழத்திலா?"

கொஞ்சம் தயங்கினாள்.
"வாடகைக்கு எடுத்த இயந்திரங்கள். மூன்று மாதம்.
நானூறு இருக்கும். எல்லாம் புதுசு."

நான் சிரித்த சிரிப்பில்
எதிர்க்கடை மாடியில் புறாக்கள் எழும்பின.
"அப்படியென்றால் ஜெயித்தது என் ஆட்கள்,
உன் வீட்டுச் சாப்பாட்டில்!"
அவள் மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை.
ஒரு சிப்பாயைப்போல்
டீ கிளாஸை ஒரு கட்டம் நகர்த்தி வைத்தாள்.

பந்தயம் பந்தயம்தான்.
பெட்டியைத் தூக்கினேன். இன்னும் சூடு.
வயிற்றோடு அணைத்துக்கொண்டால் தகரம் சட்டை வழியே சுட்டது.
அவள் இரண்டிரண்டாகத் தாவி முன்னே போய்
ஆட்டோவோடு கன்னடத்தில் பேரம் பேசுகிறாள்.

முப்பத்தெட்டுப் படிகள். எனக்குத் தெரியும்.
தெரிந்தும் எண்ணிக்கொண்டே இறங்கினேன்,
ஒவ்வொன்றாக,
ஒன்றையும் விடாமல்.