பெனால்டிப் புள்ளி

என் பக்கம் கையை நீட்டி ஊதியவர்
ஊதல் வாயிலிருந்து நழுவ
நின்ற இடத்திலேயே மடங்கினார், ஆதம்பாவா சேர்.
நடுவரும் நடிக்கத் தொடங்கிற்றாரா என்று
ஒருவன் சிரித்தான்.

பாண்டிருப்புக் கடற்கரை மைதானம் எல்லாம் மணல்.
பெனால்டிப் புள்ளியில் மட்டும்
புல் செத்து, மண் இறுகி, சீமெந்து மாதிரி.
விழ நல்ல இடம்தான் பார்த்தார்.

தோளைத் தட்டிக் கூப்பிட்டேன்.
மீன் போல ஒருதரம் வாய் திறந்தது.
அது மூச்சில்லை.
பந்து வைக்க வந்த றிஸ்கானைப் பார்த்துக் கத்தினேன்:
"1990க்கு அடிடா!"
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினேன்.

போன மாதம் சுகாதாரப் பணிமனையில்
காலில்லாத பொம்மை ஒன்றின் மேல்
புவிராணி மிஸ் என் கையைத் தூக்கி வைத்தா:
"இடப்பக்கம் இல்ல தம்பி, அது சினிமாவில.
நடு. நெஞ்செலும்புட கீழ்ப்பாதி.
உள்ளங்கைட குதி அதில இருக்கோணும்.
மற்றக் கை மேல. விரலெல்லாம் தூக்கு,
விலாவில படப்படாது."

பத்து வருசமாய் என் விரல்கள் படித்தது வேறு:
விரி, பந்துக்குப் பின்னால் போ,
முழங்கையை மடக்கி வேகத்தை வாங்கு.
இங்கே விரலுக்கு வேலையில்லை.
முழங்கை மடங்கவே கூடாது.

கை வைக்கவேண்டிய இடத்தில்
ஊதல் கிடந்தது,
கறுப்புக் கயிற்றில், எச்சில் காயாமல்.
தள்ளிவிட்டேன்.

ஒன்று. இரண்டு.
தோள் கைக்கு நேர் மேலே.
இரண்டங்குலம் இறக்கி, முழுதாய் எழும்ப விட்டு,
திரும்ப.
ஏழிலோ எட்டிலோ படக்கென்றது,
பாய்க்கு அடியில் குச்சி முறிந்த மாதிரி.
"ஐயோ, எலும்புடா" என்றார்கள்.
மிஸ் அதையும் சொல்லியிருந்தா.
நிறுத்தவில்லை.
அவர் காதருகே சரிந்த ஊதலுக்குள்
சின்னக் குண்டு ஒவ்வொரு அமுக்கலுக்கும் கிலுங்கியது.
கடலைத் தவிர வேறு சத்தமில்லை.

என் தோள் விட்டுப்போக
றிஸ்கான் முழங்காலில் இறங்கினான்.
"எங்க வைக்க?"
அவன் கையைப் பிடித்து வைத்தேன்.
அவன் அமுக்க நான் எண்ணினேன்,
பிறகு நான், பிறகும் அவன்.
கோர்னர் கொடியை முறித்துக்கொண்டு
அம்புலன்ஸ் உள்ளே வந்தது.

பதினொரு நாள் கழித்து, கல்முனை ஆஸ்பத்திரி.
தலையணையை அணைத்தபடி இருமினார் சேர்.
"ரெண்டு எலும்பு. உன்ட வேலையாம், டொக்டர் சொன்னார்."
தோடம்பழப் பையை வைத்துவிட்டுச் சொன்னேன்:
"அது பெனால்டி இல்ல சேர். நான் பந்தத்தான் தொட்டன்."
சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு.
சிரிக்க நொந்தது.
கையைக் கொண்டுபோய்
நெஞ்சின் நடுவில், கொஞ்சம் கீழே,
பொத்திக்கொண்டார்.

இடம் சரி.
விரல்களைத்தான் தூக்கவில்லை.