தட்டல் கணக்கு

கௌனாஸில் விடியாத மணி நாலு.
நேமுனாஸ் ஆறு உறைந்து கிடக்கிறது.
ஆறாம் மாடியில் நானும்
தண்ணீர் கொதிக்கும் சத்தமும்.

கீழே கருவாலி மரத்தில் பெரிய கதவு.
அதன் வழியே இப்போது அதிகம் பேர் வருவதில்லை.
நான் எழுதிய கதவுக்கு மரமில்லை, கீலில்லை.
ஏபிஐ என்று பெயர்.
சாவி சரியென்றால்
கேட்டதற்கு மட்டும் பதில்.

"பணம் விற்றது போதும், இனித் தட்டலை விற்போம்"
என்றார் ஜில்வினாஸ், போன வருடக் கூட்டத்தில்.
நாற்பது கம்பெனிகள் கையெழுத்திட்டன.
முந்நூறு தட்டலுக்கு ஒரு சென்ட்.
யார் யார் செயலியிலோ எங்கள் கடன் போகிறது,
எங்கள் பெயர் இல்லாமல்.
நான் சிரித்தேன்.
என் சம்பளமும் அந்தச் சில்லறைதான்.

ஊர் பேர் தெரியாத ஒரு தட்டல் எனக்குப் பழக்கம்.
7சி41 என்று முடியும்.
தினமும் நாலு பத்துக்கு வந்து
இருப்பு எவ்வளவு என்று கேட்கும்.
ரொட்டிக் கடையாக இருக்கும்,
மாவு வாங்குமுன் பார்க்கிறார்கள் என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.

ஒப்புதலுக்கு ஆயுள் நூற்றெண்பது நாள்.
செவ்வாயோடு முடிந்தது.
புதனும் வந்து தட்டியது.
அனுமதி இல்லை.
வியாழன். அனுமதி இல்லை.
என் கையால் எழுதிய வரி;
'தயவுசெய்து' என்றாவது சேர்த்திருக்கலாம்.

இன்று நாலு பத்து.
நாலு பதினொன்று.
தேநீரில் ஆடை படிகிறது.

நாலு இருபதுக்குப் புதுச் சாவி, புது எண்.
அதே கேள்வி.
பதில் போயிற்று.
தொகையை மறைத்துத்தான் எனக்குக் காட்டும்:
இரண்டு நட்சத்திரம், ஒரு புள்ளி,
மறுபடி இரண்டு நட்சத்திரம்.

நூறு யூரோகூட இல்லை.
மாவுக்குப் போதுமா?