குளம்புக்கு அடியில்

ஹார்லெம். கிடங்கின் இரண்டாம் தளம்.
ஈரப்பதம் ஐம்பது. வெளியே பிப்ரவரி மழை
கால்வாயைக் குத்திக்கொண்டிருக்கிறது.
என் மேசையில் ஒரு தாள், விரித்த கையளவு.
நானூறு வயது. இருமினால் உடையும்.

இடப்பக்கம் அப்பல்லோ, சிவப்புச் சுண்ணத்தில்.
ரொட்டிக்கடைப் பையனாக இருக்கவேண்டும்;
லூட்டை மாவுப்பலகை மாதிரி பிடித்திருக்கிறான்.
முளை ஏழு, தந்தி ஆறு.
தெய்வம் என்பதால் யாரும் கேட்கவில்லை.

வலப்பக்கம் மார்சியாஸ்,
ஆட்டுக்காலன், கன்னம் உப்பிய குழல்காரன்,
போட்டியில் தோற்கப்போகிறவன்.
தோலை உரித்துவிடுவேன் என்பது
மற்ற வீடுகளில் வெறும் பேச்சு.

வரைந்தவர் பெயர் லுபர்ட்; அதற்குமேல் தெரியாது.
தாளின் முதுகில் அவர் கணக்கு:
குழலூதி வோல்ஃபர்ட்டுக்கு
இரண்டு ஸ்டைவர், ஒரு குவளை பீர்.
கீழே, ரொட்டிக்கடைப் பாக்கி.
அதைக் கழிக்கத்தான் பையன் தெய்வமானானோ.

குழல்காரனை மட்டும் இரும்பு மையில் வரைந்திருக்கிறார்,
ரோமம் கறுக்கட்டும் என்று மேலும் மேலும் தீட்டி.
மைக்குள் அமிலம்.
அதற்கு அவசரமில்லை.
தொடையில் தொடங்கி விலாவில் ஏறி
கோடு கோடாகத் தாளைத் தின்று
இன்றுவரை உரித்துக்கொண்டிருக்கிறது.
கத்தி பிடித்த கை படத்தில் எங்கும் இல்லை.

நடுவில் நீதிபதி, கழுதைக் காதோடு.
கற்பூர வாசனை தெரியாதவனாம்.
அந்தக் காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பாருங்கள்.

ஜப்பானியத் தாளைக் கையால் கிழிக்கிறேன்,
கத்தரித்தால் நார் பிடிக்காது.
கோதுமைப் பசை தொட்டு,
வெங்காயச் சருகைவிட மெல்லிய தோலொன்றை
அவன் விலாவில் படியவைக்கிறேன்.
"வலிக்குதாமா?" என்கிறாள் அடுத்த மேசை சீட்ஸ்கே.
சிரிக்காமல்தான் கேட்டாள்.

பிறகு விளக்கை அடியில் வைத்தேன்.
ஆட்டுக்குளம்புக்குக் கீழே, மங்கிய கரிக்கோட்டில்
ஒரு மனிதப் பாதம்.
பெருவிரல் கணு புடைத்து,
மீன்சந்தைக் கல்லில் நின்று நின்று அகன்ற பாதம்.
ஒன்றில்லை, மூன்று.
ஒன்றன்மேல் ஒன்றாக, நூலளவு விலகி.

'ஓவியர் தடுமாறியிருக்கிறார்'
என்று குறிப்பேட்டில் எழுதினேன்.
அடித்தேன்.
அசையாதே என்று லுபர்ட் எத்தனை முறை கத்தினாரோ.
குதிகாலை ஊன்றி, முன்பாதத்தால்
வோல்ஃபர்ட் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறான்.

மணி நாலரை. பசை காயவேண்டும்.
மேசைக்கு அடியில் என் காலைக்
கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்திருக்கப் பார்த்தேன்.