நாற்பது ரூபாய்

கம்பெனியில் ஏதோ மெஷின் பழுது.
நாலு பேருக்கும் ஒரே நாளில் லீவு விழுந்தது,
எட்டு மாதத்தில் முதல்தடவையாக.
தலைக்கு முந்நூறு போட்டு
நஸ்ரீன் கையில் கொடுத்தோம்.
ஊக்கு வாங்கினால்கூடப் போனில் எழுதிவைப்பவள் அவள்.

சூளகிரி வருவதற்குள்
மாதேஸ்வரி தூங்கிவிட்டாள்.
நைட் ஷிப்ட் உடம்பு,
ஜன்னலோரம் கிடைத்தால் தலையணை என்று நினைத்துக்கொள்ளும்.
வாய் திறந்திருந்தது. படம் எடுத்தோம்.
பஸ் நூற்றெண்பது. படத்துக்குக் காசில்லை.

மலை ஏறலாம் என்றது நான்தான்,
ஒப்புக்கொள்கிறேன்.
மே மாதம், பதினோரு மணி,
கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலை.
பாறையில் வைத்த கை
வைத்த வேகத்தில் திரும்பி வந்தது.
பாதிவழியில் கௌதமியின் செருப்பு வார் அறுந்தது.
துப்பட்டா நுனியைக் கிழித்து
நஸ்ரீன் கட்டிவிட்டாள்.
"பொண்ணு பார்க்க வந்தப்போகூட
இவ்வளவு அடக்கமா நடக்கலையேடி நீ."
கௌதமி சிரித்ததில்
கட்டும் அவிழ்ந்தது.

உச்சியில் ஒரே ஒரு பாட்டில் தண்ணீர்.
மூடியால் அளந்து குடித்தோம்.
கீழே நாலு பக்கமும் ரோடு.
லாரிகள் ஊரைத் தொட்டுவிட்டு
வேறெங்கோ போய்க்கொண்டிருந்தன.
"இத்தனை பேரு எங்கதான் போறாங்க?"
மாதேஸ்வரி நிஜமாகவே கேட்டாள்.
கொஞ்சநேரம் நாங்களும்
நிஜமாகவே யோசித்தோம்.

பழையபேட்டையில் செருப்புத் தைத்தவர்
தெலுங்கில் விலை சொன்னார்,
நஸ்ரீன் உருதுவில் அதிர்ச்சியடைந்தாள்,
தமிழில் முப்பதுக்கு முடிந்தது.
நன்னாரி சர்பத் எண்பது.
தலைக்குக் கிளிப், நூற்றைம்பது.
கம்பெனி கேட்டில் உலோகம் இருந்தால் கூவும்,
அதனால் சாயங்காலம் வரைக்கும்தான் அந்த அழகு.
இருக்கட்டும் என்று
கண்ணாடியே இல்லாத கடையில்
ஒருத்தி முகத்தைப் பார்த்து ஒருத்தி
குத்திக்கொண்டோம்.

டேமுக்கு டவுன்பஸ்.
கண்டக்டர் நீட்டிய மகளிர் சீட்டில் பூஜ்யம்.
அந்தப் பூஜ்யத்தையும் நஸ்ரீன் எழுதிக்கொண்டாள்.
பூங்காவுக்குள் போக இருபது.
ஜிலேபி மீன் இருநூற்றெண்பது,
எண்ணெய் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தது தட்டில்.
டார்கெட் என்று வாய் தவறினால் தலையில் குட்டு.
அதிகம் வாங்கியவள் நான்.
எங்கிருந்தோ வந்த குரங்கொன்று
மீனை விட்டுவிட்டு
எலுமிச்சைத் துண்டை எடுத்துப் போனது.
கடித்தது.
பிறகு எங்களைப் பார்த்ததே ஒரு பார்வை,
ஏதோ நாங்கள்தான் ஏமாற்றி விற்றதுபோல.
மாதேஸ்வரி புல்லில் உருண்டாள்.
பக்கத்துக் குடும்பம் பாயை நகர்த்திப் போட்டது.

செந்தூரா ரெண்டு கிலோ எண்பது.
கத்தி இல்லை.
சாறு முழங்கைவரை ஓடி
நஸ்ரீனின் போன்மேலும் சொட்டியது.
தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு
மதகின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.
ரொம்பநேரம் யாரும் எதுவும் பேசவில்லை.
பேசினாலும் கேட்டிருக்காது.

திரும்புகிற பஸ்ஸில் கணக்கு.
இதற்கும் நூற்றெண்பது, சேர்த்தால் சரியாக ஆயிரம்.
மிச்சம் இருநூறு இருக்கணும்.
பையில் நூற்றறுபது.
"சர்பத் கடையில் சில்லறை வாங்கினியா?"
"உன் செருப்புதான்டி, எழுபது கொடுத்திருப்பே."
"குரங்கு."
"குரங்குக்கு எதுக்குடி நாற்பது ரூபாய்?"
"எலுமிச்சை வாங்க."
முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
மூன்று தடவை கூட்டினோம்,
ஓசூர் விளக்குகள் வரும்வரை கூட்டினோம்.
வரவே இல்லை.

மறுநாள் லைனில்
தொப்பி, முகமூடி, கையுறை, வெள்ளை அங்கி.
யார் யாரென்று கண்ணை வைத்துத்தான் தெரியும்.
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம்
ஒருத்தி நாலு விரலைத் தூக்கினாள்,
பிறகு கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்து
ஒரு பூஜ்யம்.
புருவம் மேலே போனது: கிடைச்சுதா?
நான் தலையை ஆட்டினேன், இல்லை.
"என்னம்மா அங்க?" என்றார் சூப்பர்வைசர்.
"பீஸ் கணக்கு சார்,
நாற்பது குறையுது."