பதினாறாம் அலைவரிசை

இரவு இரண்டே கால்.
"நீங்கள் எங்கள் கடலில் இருக்கிறீர்கள், வெளியேறுங்கள்."
அட்டையில் உள்ளபடி வாசிக்கிறேன்,
இருவருக்கும் சொந்தமில்லாத மொழியில்.
ஒரு மூச்சு கழித்து
"இல்லை, நீங்கள்தான் எங்கள் கடலில்"
என்கிறது அவர்கள் அட்டை.

ஆறு வருடமாக அதே ஆண்குரல்.
வாடை திரும்பினால் அதற்குச் சளி பிடிக்கும்.

நடுவே அந்தப் பாறைத்தீவு.
எங்கள் படத்தில் ஒரு பெயர், அவர்கள் படத்தில் ஒரு பெயர்.
ஸ்த்ராத்திஸின் பதினேழு ஆடுகள் அங்கே மேய்கின்றன.
போன கோடையில் அமைச்சகத்து ஆள் வந்து
ஆடுகளை எண்ணினார், குடியிருப்புக்குச் சான்றாம்.
கிடாய் பாதிக் கோப்பைத் தின்றுவிட்டது.

மேலே விமானங்கள்
ஒன்றை ஒன்று துரத்துகின்றன.
இரண்டும் ஒரே கடையில் கடனுக்கு வாங்கியவை.
வரப்பு வெட்ட முடியாத கடலில்
வரப்புத் தகராறு.
பங்காளிகள் என்றால் சும்மாவா.

அக்டோபரில் கூட்டணிப் பயிற்சி, ஐந்து நாள்.
எதிரி காகிதத்தில் பச்சை நிறம், பெயர் இல்லை.
எனக்குப் புது அட்டை:
"காலை வணக்கம் நண்பரே, உங்கள் வலப்புறம் கப்பல் ஏதுமில்லை."
"நன்றி நண்பரே" என்றது
அதே மூக்கடைப்பு.
ஏனோ என் காது சுட்டது.

விருந்தில் இரண்டு கொடிக்கம்பங்களையும்
நாடா பிடித்து அளந்தார்கள்.
உணவுப் பட்டியலில் மீனுக்கு எந்த ஊர்ப் பெயர் என்று இழுபறி.
கடைசியில் "மீன்" என்று மட்டும் அச்சிட்டார்கள்.

வகுப்பில் ஒரு அதிகாரி:
ஒருவர் மேல் விழும் அடி எல்லோர் மேலும் விழுந்த அடி.
அடிப்பவரும் அந்த எல்லோரில் ஒருவர் என்றால்?
நான்தான் கேட்டேன்.
காபி இடைவேளை விட்டார்.

நான்காம் நாள், அட்டையில் இல்லாத குரல்:
"உங்கள் பக்கம் மழையா?"
"இப்போதுதான் விட்டது."
"அப்படியானால் இங்கே வரும். துணி காய்கிறது."
பெயர் நெஜ்தெத் என்றான்.
கல்லிரோயி என்றேன்.
அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

வெள்ளி நள்ளிரவோடு பயிற்சி முடிந்தது.
ஏழு நிமிடம் கழித்து
திரையில் ஒரு புள்ளி தீவை நெருங்கியது.
பழைய அட்டையை எடுத்தேன்.
அதில் காபிக் கறை இருந்தது, என்னுடையதுதான்.

"நீங்கள் எங்கள் கடலில் இருக்கிறீர்கள்,
வெளியேறுங்கள்."

இம்முறை மூச்சு நீண்டது.
பிறகு ஒரு தும்மல்.
பிறகு
"இல்லை, நீங்கள்தான்."

பதிவேட்டில் எழுதினேன்:
00:07. எச்சரிக்கை தரப்பட்டது. பதில் வந்தது.
தும்மலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.