இடக்கைக்காரனின் வாள்

பிர்னோவில் பனி கொட்டும் ஞாயிறு.
டிராம் ஓட்டாத ஒரே நாள்.
ராதோவானின் சமையல் மேசையில்
ஏழு துண்டுகளாகக் கிடக்கிறது வீரம்.

குமிழ் நுழையவில்லை.
அரத்தால் ராவினான்.
தூள் உப்பு ஜாடியில் விழுந்தது.
எப்பாக்சி இறுகும்வரை
பிடியைத் தொடையிடுக்கில் வைத்தபடி
நேற்றைய சூப்பைக் குடித்து முடித்தான்.

அலகு பளபளவென்றிருந்தது.
அதுதான் குறை.
படத்தில் அது மூன்று போர் பார்த்த வாள்.
கறுப்பு பூசித் துடைத்தான்,
வினிகர் துணியால் வயதேற்றினான்.
மிச்சம் அந்தத் தழும்பு:
மலைவாசல் சண்டையில் நாயகன் வாங்கியது,
பிடியிலிருந்து ஒன்றரைச் சாண்.

ஆணிமுனையை வைத்தான்.
புதுசைக் காயப்படுத்தக்
கை வரவில்லை.
பிறகு
வந்தது.

ஸ்தெங்கா குளித்துவிட்டு வந்து
எட்டிப் பார்த்தாள்.
"படத்தில் மறுபக்கம்தானே இருக்கும்?"

சுவரொட்டி அச்சடித்தவன்
இடவலம் மாற்றியிருக்கிறான்,
பாவி.

ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்
நடைக் கண்ணாடி முன் நின்று
தன் இடக்கையால் ஓங்கினான்.

உள்ளே
வலக்கைக்காரன் ஒருவன்.
தழும்பு அதனிடத்தில்.
அவன் முதுகுக்குப் பின்னால்
ஈரத்தலையோடு ஒரு பெண்
சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள்.

அவள் மட்டும்
படத்தில் இல்லை.