கட்டில் கணக்கு

இரவுப் பணி முடிந்து
மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
குலசேகரம் பஸ்ஸுக்கு நிற்கும்போது
பெருவிரல் தானாகத் திரையைத் தள்ளும்.

நாலு மணிக்கு எழு என்கிறான் ஒருவன்,
தூங்கவே தூங்காதவளிடம்.
கோட்டு போட்ட இன்னொருவன்
பயத்தை வெல்ல ஏழு வழி வைத்திருக்கிறான்,
ஏழாவது வழிக்குப் பணம் கட்டவேண்டும்.
ஜெர்மனி போனவள் பனியில் நின்று சிரிக்கிறாள்,
வாடகை எவ்வளவென்று சொல்லவில்லை.
விசா ஏஜென்ட் விளம்பரத்தில்
எங்கள் ஊர் சர்ச்சுக்கு மேலே விமானம் பறக்கிறது;
சிலுவையில் இடிக்காமல் ஒட்டியிருக்கிறார்,
அந்த மட்டும் கெட்டிக்காரர்.

இதற்கெல்லாம் நடுவில்தான் வந்தது
அந்த ஒன்றரை நிமிடம்.

முகத்தில் சரியாக வெளிச்சம் இல்லை.
பின்னால் மைக்ரோவேவ் சுற்றும் சத்தம்.
மஸ்கட்டோ மனாமாவோ, ஏதோ ஓர் ஓய்வறை.
பெயர் ஷெறின் பிளெஸ்ஸி.
பேச்சு மட்டும் கருங்கல் பக்கம்.

"பிள்ளே, கடின உழைப்பாளின்னு எழுதாத.
எல்லாருக்க ரெஸ்யூமேலயும் அது கெடக்கு.
எத்தன கட்டில் பாத்த, அத எழுது.
எத்தன ராத்திரி, எத்தன வென்டிலேட்டர். எண்ணு.
பெறவு,
ஒரிஜினல் சர்ட்டிபிகேட்ட ஆசுபத்திரி பிடிச்சு வெச்சிருந்தா
வாயால கேக்காத. எழுதிக் கேளு.
நகல்ல தேதி போட்டு கையெழுத்து வாங்கு."

அவ்வளவுதான். மைக்ரோவேவ் மணி அடித்தது, போய்விட்டாள்.
பாட்டில்லை. பின்தொடரச் சொல்லவில்லை.
அறுபத்துமூன்று இதயங்கள்.
நாடித்துடிப்பாக இருந்தால் நல்ல எண்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
ஆற்றூர் தாண்டியதும் ரப்பர் மரங்கள்,
சிரட்டை சிரட்டையாய் விடிகாலைப் பால்.
வெட்டுக்குப் போகும் வறுவேல் அண்ணனிடம்
நீ நல்ல உழைப்பாளியா என்று
முதலாளி இதுவரை கேட்டதில்லை.
எத்தனை மரம் என்றுதான் கேட்பார்.
அண்ணனும் முன்னூற்றி நாற்பது என்பார்,
கூலி பேசிவிடுவார்கள்.

நானும் எண்ணினேன்.
பதினொரு கட்டில், இரண்டு பேர்.
மூன்று வருடம் இரண்டு மாதம்,
மாதத்துக்குப் பதினைந்து ராத்திரி.
டெங்குவில் நானே நோயாளியாகக் கிடந்த
பன்னிரண்டைக் கழித்தேன்.
தங்கை கல்யாணத்துக்கு இரண்டு.
ஐந்நூற்று ஐம்பத்தாறு.

டிக்கெட்டின் பின்புறம் அந்த எண்ணை எழுதி
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
யாரோ ஒரு பலசாலியுடையது போல இருந்தது.

ஏழாம் கட்டில்காரர்
ராத்திரி முழுக்க மணி கேட்டாரே,
அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?
கண்ணை நானே மூடிவிட்டவர்களை?
அதற்கு எண்ண வேண்டியதில்லை, ஓர்ம இருக்கு.
பதினேழு.
அதை எழுதவில்லை.

திங்கட்கிழமை கடிதத்தோடு நின்றேன்.
பத்தாம் வகுப்பு, டிகிரி, கவுன்சில் பதிவு,
மூன்றும் மேனேஜரின் இரும்பு அலமாரியில்
வந்த நாள் முதல் படுத்திருக்கின்றன.
அவற்றுக்கு மட்டும் பகலும் இரவும் ஓய்வு.

மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார்.
"யாரு சொல்லித்தந்தது?"
பதில் சொல்லாமல் நகலை நீட்டினேன்.
சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்,
மேசையில் தேடினார்,
இழுப்பறையைத் திறந்து வெகுநேரம் தேடினார்.
என்னிடம் இரண்டு பேனா இருந்தது.

கையெழுத்து போட்டார்.
தேதி போடவில்லை.
"சார், தேதி" என்றேன்.
என் குரல் எனக்கே புதிதாக இருந்தது,
வார்டில் டாக்டரை எழுப்பும் குரல் அது,
எனக்காக அதை எடுத்ததில்லை.

அலமாரி இன்னும் திறக்கவில்லை.
பதினைந்து நாள் ஆகுமாம். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஷெறின் பிளெஸ்ஸிக்கு
நீளமாக ஒரு நன்றி எழுதினேன்,
அழித்தேன்.
கடைசியில் இதை மட்டும் அனுப்பினேன்:
"அக்கா, அங்க வாடகை எவ்வளவு?"

இன்னும் பார்க்கவில்லை.
அங்கே ராத்திரி டியூட்டியாக இருக்கும்.